பெயரேட்டில் மறைந்த பெண்மக்கள்

சரித்திரம் என்பது நடந்தவற்றின் தொகுதி என்று பலரும் நினைக்கின்றனர். சற்றே நிதானித்து யோசிப்பவர்க்கு அஃது உண்மையன்று என்பது விளங்கும். நடந்தவற்றுள் சிலவே எழுதப்படுகின்றன. எழுதப்பட்டவற்றுள் சிலவே தீக்கும் நீருக்கும் கறையானுக்கும் தப்புகின்றன. தப்பியவற்றுள்ளும், யாரேனும் ஒருவர் எடுத்துத் தூசு தட்டி வாசித்தவையே சரித்திரம் என்னும் பெயரோடு நம்மிடம் வந்து சேருகின்றன. இம்மூன்று வாயில்களிலும் ஆண்மக்கள் பெரிதும் தடையின்றி நுழைந்தனர். பெண்மக்களோ முதல் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். அங்ஙனம் நிறுத்தப்பட்டவரை மீட்டுக் கொணரும் வேலையைச் சிலர் மேற்கொண்டிருக்கின்றனர். அவ்வேலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை, பிரிட்டிஷ் பார்லிமெண்டின் பழஞ்சுவடிகளைக் கொண்டு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்லிமெண்டுகளுக்கெல்லாம் தாய்நாடு என்று இங்கிலாந்தைப் புகழ்வது வழக்கம். அத்தாய்நாட்டின் சபையில் தாய்மார்க்கு இடமில்லாதிருந்த காலம் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகும். 1265ம் ஆண்டில் நகரப் பிரதிநிதிகளை அழைத்துச் சபை கூட்டியது முதல், 1919ம் ஆண்டில் ஒரு பெண்மணி முதன்முதலாக அங்கே ஆசனத்தில் அமர்ந்தது வரை, சட்டம் செய்தவர் அனைவரும் ஆடவரே. ஆதலின் அச்சபையின் ஏடுகளில் பெண்களைத் தேடுவது வீண் வேலை என்று அறிஞர்கள் பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் தவறு என்று காட்டியவர்களுள் ஒருவர் மாரி தகாயனாகி என்னும் சரித்திர ஆசிரியை. மாரி என்பது நம் செவிக்குப் பழகிய ஒலியாயினும், இவர் இங்கிலாந்தில் பணிபுரிந்தவர். பார்லிமெண்டுச் சுவடி நிலையத்தில் பல ஆண்டுகள் சுவடிக் காப்பாளராக இருந்தவர். 1900 முதல் 1945 வரை பார்லிமெண்டுக்கும் பெண்களுக்கும் இருந்த தொடர்பை ஆராய்ந்து, 2012ம் ஆண்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். 2018ம் ஆண்டில், பெண்கள் வாக்குரிமை பெற்ற நூற்றாண்டு நிறைவை ஒட்டி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த பெரிய கண்காட்சியை மற்றொருவருடன் சேர்ந்து அமைத்தார். 2023ம் ஆண்டில் எலிஸபெத் ஹாலம் ஸ்மித் என்பாருடன் கூடி, பார்லிமெண்டில் ஊழியம் செய்த பெண்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் 'இன்றியமையாத மாதர்' என்பதாகும். அது வெறும் புகழ்ச்சிச் சொல்லன்று. பழங்காலத்து அரண்மனைகளிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் கூட்டிப் பெருக்கித் துப்புரவு செய்த பெண்ணுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய உத்தியோகப் பெயரே அது.

இனி, அச்சுவடிகளின் நிலையைச் சிறிது நோக்குவோம். 1834ம் ஆண்டு அக்டோபர் மாதம் 16ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை எரிந்து சாம்பலாயிற்று. முற்காலத்தில் கருவூலக் கணக்கை மரக்குச்சிகளில் வெட்டுக்குறியிட்டு வைப்பது வழக்கம். பயனற்றுப் போன அக்குச்சிகளை இரண்டு வண்டிப் பாரம் அன்று பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த உலையில் இட்டு எரித்தனர். அதனால் மூண்ட தீ இரவு முழுதும் எரிந்தது. பிரபுக்கள் சபையின் ஏடுகள் 'நகைக் கோபுரம்' என்னும் தனிக் கட்டடத்தில் இருந்தமையால் பிழைத்தன. காமன்ஸ் சபையின் பழைய பத்திரங்களோ பெரும்பாலும் அழிந்தன.

அந்நாளின் விசாரணையிலும் ஒரு பெண் வருகின்றாள். ரைட் என்னும் அம்மாள் பிரபுக்கள் சபையின் துணை வீட்டுக் காவற்காரி. அன்று பிற்பகல் அரண்மனையைச் சுற்றிப் பார்க்க வந்த இருவர்க்கு அவர் சபையைக் காட்டினார். தரையின் வெப்பம் காலணியையும் கடந்து சுடுகின்றது என்றும், புகையால் எதிரிலுள்ளது தெரியவில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். பின்னர் நடந்த விசாரணையில், அபாயத்தை உணர்ந்து செயலாற்றவில்லை என்ற பழியில் ஒரு பங்கு அவ்வம்மையார் மீதும் விழுந்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. அவர் நாள்தோறும் சபையைத் திறந்து, பூட்டி, பேணி வந்ததைப் பற்றி அதற்கு முன் யார் விரிவாக எழுதினார்? பழி வந்த நாளிலன்றோ அவர் சொன்ன சொற்கள் வரிவரியாக எழுதப்பட்டன! ஏழை எளியவரின் குரல் ஏட்டில் ஏறுவது பெரும்பாலும் அவர்கள் குற்றவாளிக் கூண்டின் அருகே நிறுத்தப்படும்போதுதான் என்பது எந்நாட்டுச் சரித்திரத்துக்கும் பொருந்தும்.

எரிந்த அரண்மனைக்குப் பதிலாகப் புதியது எழுந்தது. அதன் ஒரு மூலையில் முந்நூறு அடிக்கு மேல் உயர்ந்த விக்டோரியா கோபுரம், ஏடுகளைக் காப்பதற்கென்றே கட்டப்பட்டது. 1497ம் ஆண்டு முதலான மூலச் சட்டங்கள், தோலில் எழுதிச் சுருளாகச் சுற்றப்பட்டு, நெடுங்காலம் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. அண்மையில்தான் பார்லிமெண்டின் சுவடித் தொகுதி லண்டன் கியூவிலுள்ள தேசியச் சுவடி நிலையத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு பெண்ணரசியின் பெயர் தாங்கிய அக்கோபுரத்துக்குள், பெண்ணுக்கு வாக்கில்லை என்று விதித்த சட்டங்களும் பத்திரமாக இருந்தன என்பது வேடிக்கையே. 1832ம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டந்தான் புதிதாக வாக்குப் பெறுவோர் 'ஆண்பாலர்' ஆக வேண்டும் என்று முதன்முதலாக வெளிப்படையாக எழுதிற்று. அதற்கு முன் வழக்கம் தடுத்ததை அதன் பின் எழுத்தும் தடுத்தது.

அதே 1832ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், யார்க்ஷயரைச் சேர்ந்த மேரி ஸ்மித் என்னும் பெண்மணியின் விண்ணப்பத்தை ஹென்றி ஹண்ட் என்ற அங்கத்தினர் காமன்ஸ் சபையில் சமர்ப்பித்தார். வரி செலுத்தும் நான் வாக்கும் அளிக்க வேண்டாவோ என்பதே அவ்விண்ணப்பத்தின் சாரம். சபை அதனை நகைப்பில் முடித்தது. எனினும் சபை நடவடிக்கைகளை அச்சிடும் ஹான்சார்டு என்னும் அறிக்கையில் அச்செய்தி பதிவாகியிருந்தமையால், மேரி ஸ்மித் என்ற பெயர் இன்றைக்கு நமக்குத் தெரிகின்றது. சபை சிரித்த சிரிப்பும் அடங்கிற்று. சிரித்தவர்களின் பெயர்களையும் இன்று எவரும் தேடுவதில்லை. அச்சேறிய அந்தச் சில வரிகள் மட்டும் நிலைத்து நிற்கின்றன.

அக்காலத்தில் பெண்கள் சபை நடவடிக்கைகளைக் கேட்டதுண்டோ என்று வாசகர்கள் வினவலாம். கேட்டார்கள், ஆனால் கேட்ட விதம் வியப்புக்குரியது. 1778ம் ஆண்டு முதல் காமன்ஸ் சபையின் பார்வையாளர் மாடத்தில் பெண்கள் அமரக்கூடாது என்று விலக்கினர். எனவே அரசியலில் ஆர்வமுடைய மாதர், சபா மண்டபத்தின் கூரைக்கு மேலிருந்த பரணில் ஏறினர். விளக்குகளின் வெப்பமும் புகையும் வெளியேறுவதற்கு அங்கே ஒரு காற்றுப்போக்கி இருந்தது. அதன் துவாரங்களின் வழியே குனிந்து, கீழிருந்து எழும் புகையை முகத்தில் ஏற்றுக்கொண்டு, நாட்டின் விவகாரங்களைக் கேட்டனர். புதிய அரண்மனையில் பெண்களுக்கென ஒரு மாடம் கிடைத்தது. ஆனால் அதன் முன்புறம் கனத்த உலோகச் சட்டக்கம்பிகளால் அடைக்கப்பட்டிருந்தது. உள்ளிருப்போர்க்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. கீழிருப்போர்க்கு உள்ளிருப்போர் தெரியவே மாட்டார்கள். 'கூண்டு' என்றே அதனை அழைத்தனர்.

1908ம் ஆண்டு அக்டோபர் 28ந் தேதி மியூரியல் மேட்டர்ஸ், ஹெலன் பாக்ஸ் என்னும் இரு மாதர் அக்கம்பிகளோடு தம்மைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டிக்கொண்டு வாக்குரிமை கோரி முழங்கினர். பூட்டைத் திறக்க வகையின்றி, கம்பிச் சட்டத்தையே பெயர்த்து அதனுடன் அவர்களை வெளியே கொண்டுபோயினர். மேட்டர்ஸ் அம்மையார் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அந்நாட்டின் வெள்ளை மாதர் 1902ம் ஆண்டிலேயே தேச சபைத் தேர்தலில் வாக்குப் பெற்றுவிட்டனர். பிறந்த நாட்டில் பிரஜையாயிருந்தவர் சாம்ராஜ்யத்தின் தலைநகரில் கூண்டுக்குள் அடைபட நேர்ந்ததெனின் அவர் உள்ளம் கொதித்ததில் வியப்பென்ன? 1917ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சபை அக்கம்பிகளை அகற்றத் தீர்மானித்தது. அவை இப்போது அரண்மனையின் மைய மண்டபத்துச் சாளரங்களில் காட்சிப் பொருளாக நிற்கின்றன.

இனி, வாக்குரிமைக் கிளர்ச்சியின் முதற் பெரும் பத்திரத்தின் கதையைக் கேளுங்கள். 1866ம் ஆண்டு ஜூன் மாதம் 7ந் தேதி, சற்றேறக்குறைய ஆயிரத்தைந்நூறு பெண்கள் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை ஜான் ஸ்டூவர்ட் மில் சபையில் சமர்ப்பித்தார். அந்தப் பெரிய சுருளை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குக் கொண்டு சென்றவர்கள் எமிலி டேவிஸ், எலிஸபெத் காரெட் என்ற இருவர். பலர் பார்வையில் பட வேண்டாமென்று, அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் கொடுத்து அவள் கடைப்பலகையின் கீழ் மறைத்து வைக்கச் செய்தனர் என்பர். மறு ஆண்டு மே மாதம் 20ந் தேதி, சட்டத்திலுள்ள 'ஆண்' என்ற சொல்லை எடுத்து 'ஆள்' என்று வைக்க வேண்டும் என மில் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 73 பேரும் எதிராக 196 பேரும் வாக்களித்தனர். திருத்தம் தோற்றது.

அவ்விண்ணப்பச் சுருள் இன்று எங்கே? எங்கும் இல்லை. காமன்ஸ் சபை தனக்கு வந்த விண்ணப்பங்களைப் பாதுகாத்து வைக்கும் வழக்கமுடையதன்று. ஆயிரத்தைந்நூறு பெண்களின் கையொப்பம் குப்பையோடு போயிற்று. ஆயினும் அவர்கள் பெயர்கள் போகவில்லை. ஏனெனில், எமிலி டேவிஸும் தோழியரும் முன்யோசனையுடன் பெயர்ப் பட்டியலைச் சிறு புத்தகமாக அச்சிட்டு அங்கத்தினர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பியிருந்தனர். அச்சிட்ட பிரதிகளுள் மிகச் சிலவே மிஞ்சின. அவற்றைக் கொண்டுதான், கணித மேதை மேரி சோமர்வில் முதல் கடைக்காரர் மனைவி வரை கையொப்பமிட்டவர் யார் யார் என்பது அறியக்கிடக்கின்றது. சபை காப்பாற்றாததை அவர்கள் தாமே காப்பாற்றிக்கொண்டனர். உரிமை கேட்டதோடு நில்லாமல், கேட்டோம் என்பதற்குச் சான்றும் வைத்துச் சென்ற அம்மாதரின் மதிநுட்பம் போற்றத் தக்கது.

மற்றொரு வகைச் சான்று எதிரிகளின் கையால் எழுதப்பட்டது. எமிலி வைல்டிங் டேவிசன் என்ற வீராங்கனையைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பர். 1913ம் ஆண்டு ஜூன் 4ந் தேதி எப்சம் குதிரைப் பந்தயத்தில் அரசரின் குதிரை முன் பாய்ந்து அடிபட்டு, நான்கு நாளில் உயிர் நீத்தவர் அவர். அவர் அரண்மனைக்குள் பலமுறை மறைந்திருந்தார். 1910ம் ஆண்டில் வெப்பக்காற்றுச் செல்லும் சுரங்கத்தில் ஒளிந்தார். 1911ம் ஆண்டு ஏப்ரல் 2ந் தேதி ஜனத்தொகைக் கணக்கெடுத்த இரவில், நிலவறைக் கோயிலை ஒட்டிய துடைப்பக் கொட்டடியில் பதுங்கியிருந்தார். அன்றிரவு தமது இருப்பிடம் காமன்ஸ் சபை என்று பதிவாக வேண்டும் என்பது அவர் கருத்து. மறுநாள் கண்டுபிடிக்கப்பட்டார். கணக்கெடுப்புப் படிவத்தில் அவர் பெயரும், ஒளிந்திருக்கக் கண்ட இடமும் எழுதப்பட்டன. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரியும் தம் படிவத்தில் அவரை எழுதிவிட்டமையால், எண்ணப்பட மாட்டோம் என்று பெண்கள் பலர் மறுத்த அந்தக் கணக்கில் டேவிசன் அம்மையார் மட்டும் இருமுறை எண்ணப்பட்டார்!

அவரைப் பிடித்த போலீஸார் சபையின் அதிகாரிக்கு எழுதிய அறிக்கைகள் பார்லிமெண்டுச் சுவடிகளில் உள்ளன. எழுதியவர்க்கு அவர்பால் அனுதாபம் இல்லை. தொல்லை கொடுப்பவள் என்பதே அவர்கள் கருத்து. ஆயினும் எந்த நாள், எந்த மணி, எந்த மூலை என்று அவர்கள் குறித்து வைத்த குறிப்பே இன்று அவரது வீரத்துக்குச் சாட்சியாகிவிட்டது. எழுதியவன் நோக்கம் ஒன்று. ஏடு பிற்காலத்தில் சொல்லும் பொருள் வேறொன்று. சரித்திர ஆசிரியரின் தொழில் இவ்விரண்டையும் பிரித்தறிவதேயாம்.

கிளர்ச்சியின் பயனை இனிச் சுருங்கச் சொல்லுவோம். 1918ம் ஆண்டு பிப்ரவரி 6ந் தேதி நிறைவேறிய சட்டத்தால், முப்பது வயது கடந்து சொத்துத் தகுதியோ பட்டப்படிப்போ உடைய மாதர் ஏறத்தாழ 84 லட்சம் பேர் வாக்குப் பெற்றனர். ஆடவர்க்கோ இருபத்தொரு வயதே போதுமானதாயிருந்தது. அதே ஆண்டு நவம்பரில், பெண்கள் சபைக்குப் போட்டியிடலாம் என்று ஓரிரு வரிகளில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி இருபத்தொரு வயதுப் பெண் அங்கத்தினர் ஆகலாம். ஆனால் தனக்கே வாக்களிக்க முப்பது வயது வரை காத்திருக்க வேண்டும். டிசம்பர் தேர்தலில் நின்ற 17 மாதருள் வெற்றி பெற்றவர் அயர்லாந்தின் மார்க்கிவிக்ஸ் சீமாட்டி ஒருவரே. அப்போது சிறையிலிருந்த அவர் தம் கட்சியின் கொள்கைப்படி ஆசனத்தை ஏற்கவில்லை. 1919ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி நான்ஸி ஆஸ்டர் சீமாட்டி ஆசனம் ஏற்றார். 1923ம் ஆண்டில் அவர் முயற்சியால், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர்க்கு மதுக்கடையில் மது விற்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. கள்ளுக்கடையால் குடிகெட்ட குடும்பங்களை நேரில் அறிந்த நம்மவர்க்கு, சபையில் ஒரு தாய் இருப்பதன் பயன் இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை.

ஆண் பெண் இருபாலர்க்கும் சமமான வாக்குரிமை 1928ம் ஆண்டு ஜூலை 2ந் தேதிதான் கிட்டியது. மில் 1867ல் பேசியதை இளமணமகளாய்க் கேட்ட மில்லிசென்ட் பாசெட் அம்மையார், அறுபத்தோராண்டு உழைத்து, இச்சட்டம் நிறைவேறியதையும் கண்ணாரக் கண்டு, மறு ஆண்டில் காலமானார். பிரபுக்கள் சபையின் கதவோ பின்னும் மூடியே கிடந்தது. தம் தந்தையின் பட்டத்தைப் பெற்ற ராண்டா சீமாட்டி ஆசனம் கோரியதை 1922ம் ஆண்டில் மறுத்தனர். 1958ம் ஆண்டில் சட்டம் மாறிப் பெண்கள் அங்கே நுழைந்தபோது, அவர் அவ்வாண்டிலேயே மறைந்துவிட்டார்.

இதுகாறும் கூறியவை வாக்குக்காகவும் ஆசனத்துக்காகவும் போராடியவர் கதை. தகாயனாகி அம்மையாரின் ஆராய்ச்சியில் தனிச் சிறப்புடைய பகுதி இதற்கு அடுத்ததேயாம். பெண்ணுக்கு இடமில்லை என்று சொல்லப்பட்ட அந்த அரண்மனையில் எந்நாளும் பெண்கள் இருந்தனர் என்பதை அவர் எடுத்துக்காட்டுகின்றார். அடுப்பு மூட்டியவர் யார்? தரை துடைத்தவர் யார்? அங்கத்தினர்க்குச் சோறு சமைத்தவர் யார்? இவர்களைப் பற்றி ஹான்சார்டில் ஒரு வரியும் இல்லை. ஆனால் சம்பளப் பட்டியலில் இருக்கின்றது. ஜனத்தொகைக் கணக்கில் இருக்கின்றது. பென்ஷன் கேட்ட கடிதத்தில் இருக்கின்றது. டேவிசன் அம்மையார் கொட்டடியில் ஒளிந்திருந்த அதே இரவில், அதே அரண்மனையில், வேலைக்காரிகளும் அதிகாரிகளின் மனைவியரும் பெண்மக்களும் எனப் பலர் நியாயமாகவே குடியிருந்தனர். ஒளிந்திருந்த ஒருவரை உலகம் அறியும். குடியிருந்த பலரைச் சம்பளப் பட்டியல் ஒன்றே அறியும்.

1895ம் ஆண்டில் மே ஆஷ்வொர்த் என்பவர் அங்கத்தினர்களின் கடிதங்களைத் தட்டெழுத்தில் அடித்துக் கொடுக்கும் ஒப்பந்தம் பெற்றார். முதல் உலக யுத்தத்தில் ஆடவர் போர்முனைக்குச் சென்றபோது, காமன்ஸ் சபையில் சிறுமியர் நால்வரைச் சேவகராக அமர்த்தினர். இரண்டாம் யுத்தம் மூண்டதும், 1940ம் ஆண்டில் கே மிட்வின்டர் என்பவர் காமன்ஸ் சபையின் முதற் பெண் கிளார்க்கு ஆனார். 1944ம் ஆண்டில் ஜீன் விண்டர் என்னும் கைம்பெண் ஹான்சார்டின் முதல் நிரந்தரப் பெண் நிருபராக நியமனம் பெற்றார். அவர் கணவர் யுத்தத்தில் உயிர் துறந்தவர். ஜீன் விண்டர் ஆடவர் எழுதிய அதே சுருக்கெழுத்தை, அதே வேகத்தில், அதே மேசையில் எழுதினார். சம்பளம் மட்டும் குறைவு. அவருக்காக ஹான்சார்டின் ஆசிரியரும் வாதாடினார். ஐரின் வார்டு என்னும் பெண் அங்கத்தினர் சபையிலேயே கேள்வி எழுப்பினார். அப்படியும் சம ஊதியம் கிடைக்க ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது. சமத்துவம் பற்றிய பேச்சுக்களை அச்சபையில் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்த கைக்கே சமத்துவம் இல்லாதிருந்தது! வாக்குரிமை வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைப்பவர்க்கு இஃதொரு நல்ல பாடம். சட்டப் புத்தகத்தில் 1928ல் எழுதியது, சம்பளப் புத்தகத்தை எட்ட இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது.

வேலைக்காரிகளின் பெயரை எண்ணிக்கொண்டிருப்பதும் ஒரு சரித்திரமோ என்று கேட்கும் கனவான்கள் உளர். அவர்களுக்கு விடை இது. ஒரு சபை என்பது அதில் பேசுவோர் மட்டுமன்று. பேசுவோர் பேசுவதற்கு வேண்டிய வெளிச்சம், வெப்பம், உணவு, எழுத்து யாவும் பிறர் உழைப்பால் வருபவை. அவ்வுழைப்பை நீக்கிவிட்டு எழுதும் கதை பாதிக்கதையே. ஆயினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளப் பட்டியல் ஒரு பெண் எத்தனை பவுன் பெற்றாள் என்று சொல்லும். அவள் மேலே நடந்த விவாதத்தைப் பற்றி என்ன நினைத்தாள் என்று சொல்லாது. நல்ல சரித்திர ஆசிரியர் அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புவதில்லை. அது வெற்றிடம் என்று காட்டிவிட்டு அப்பால் செல்லுகின்றார்.

நிற்க. அந்தச் சுவடிகளில் நம் நாட்டுப் பெண்மணிகளின் குரலும் உண்டு. இந்திய அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க 1919ம் ஆண்டில் பார்லிமெண்டின் கூட்டுக் கமிட்டி அமர்ந்தபோது, சரோஜினி நாயுடு அம்மையார் லண்டன் சென்று பெண்களின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் அளித்தார். கமிட்டி அவ்விஷயத்தை மாகாண சபைகளின் விருப்பத்துக்கு விட்டது. மாகாணங்களுள் முதலில் முன்வந்தது சென்னையே. 1921ம் ஆண்டில் அது பெண்களுக்கு வாக்களித்தது. ஆனால் சொத்துத் தகுதி இருந்தமையால் அதன் பயனை அடைந்தவர் சிலரே.

1933ம் ஆண்டில் மற்றொரு கூட்டுக் கமிட்டி லின்லித்கோ பிரபுவின் தலைமையில் கூடியது. அதன் முன் இந்திய மாதர் சங்கங்களின் சார்பில் சாட்சி கூறிய மூவருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886ம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறி, சென்னைச் சட்டசபையின் உதவித் தலைவராகவும் விளங்கிய அப்பெருமாட்டியைத் தமிழர் நன்கறிவர். அம்மாதர் சங்கங்கள் கேட்டது யாது? வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு. அவர்கள் வேண்டாமென்றது யாது? சொத்துடையவன் மனைவி என்பதற்காகக் கிடைக்கும் வாக்கும், பெண் என்பதற்காக ஒதுக்கும் தனி ஆசனமும். கணவனுடைய நிலத்தின் நிழலில் அன்றித் தம் சொந்தக் காலில் நிற்கும் பிரஜையாகவே தம்மை எண்ண வேண்டும் என்றனர். 1935ம் ஆண்டின் சட்டம் அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை. மனைவி என்ற தகுதியையும் தனி ஆசனத்தையும் வைத்தே வந்தது. ஆயினும் அவர்களிடம் கேட்ட கேள்வியும் அவர்கள் சொன்ன விடையும் அச்சில் உள்ளன. அன்று தோற்ற வாதம் பின்னர் வென்றது. சுதந்தர இந்தியாவின் அரசியல் சட்டம் 1950ம் ஆண்டில் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்களித்தபோது, அதற்கு முன்னோடியாய் நின்ற வாதம் எதுவென்று அந்த ஏடுகளைப் புரட்டினால் தெரியும்.

இதனை எழுதுபவன் தோட்டத்துக் கிராணி. பெயர் எழுதுவதே தொழில். ஆகையால் சம்பளப் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல உரிமையுண்டு என்று நம்புகின்றேன். மலாயாத் தோட்டங்களில் 1920களின் இறுதியில் இந்தியத் தொழிலாளர்க்கு நிர்ணயித்த தினக்கூலி, பல இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதிகாலையில் பிரட்டுக் களத்தில் நின்று, பால் எடுத்து, மாலையில் வீட்டடுப்பும் மூட்டிய பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு. இதற்குச் சாட்சி எது? அவளைப் பற்றி எந்தச் சபையும் பேசியதை அவள் கேட்டதில்லை. அவள் பெயர் எழுதிய செக்ரோல் புத்தகந்தான் சாட்சி. அப்புத்தகங்களுள் எத்தனை மழையில் நனைந்தன, எத்தனை யுத்த காலத்தில் எரிந்தன, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது எத்தனை குப்பையோடு கொளுத்தப்பட்டன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் தீயில் வெந்தது ஒரு சபையின் ஏடு. நம்முடையது தோட்டந்தோறும் சிறிது சிறிதாக, கேட்பாரின்றி வெந்துகொண்டிருக்கின்றது.

எனவே அன்பர்களே, சகோதரிகளே! சரித்திரம் பெரியோர் எழுதுவது, நாம் படிப்பது என்று இருந்துவிடலாகாது. உங்கள் ஊர்ச் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடு பரணில் கிடந்தால் எடுத்து வையுங்கள். தொழிற்சங்கச் சந்தா ரசீது, பள்ளிக்கூடப் பதிவேடு, கோயில் கணக்கு, மாதர் கழகத்தின் விழா அழைப்பு யாவும் சுவடிகளே. பாட்டிமாரின் புகைப்படம் இருந்தால், அவர் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் எழுதாமல், அவர் பெயரையும், செய்த வேலையையும், வேலை செய்த தோட்டத்தையும், ஆண்டையும் அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள். உயிரோடிருக்கும் மூதாட்டியரிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். எமிலி டேவிஸ் தம் தோழியரின் பெயர்களைச் சபை காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடவில்லை, தாமே அச்சிட்டார். அவர் செய்தது அரசர்க்கும் அறிஞர்க்கும் மட்டுமே இயலும் காரியமன்று. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் உள்ள எவரும் செய்யக்கூடியதே.